சிலிக்காவா, மெக்னீசியம் குளோரைடா? மெட்டலோசீனுக்கு எந்தத் தாங்கி

மெட்டலோசீன் (கரிம வளையங்களோடு பிணைந்த உலோகச் சேர்மம்) வினையூக்கி வைத்து பாலிஎத்திலீன் செய்யத் தாங்கி, அதாவது வினையூக்கியை ஏற்றிவைக்கும் திடத் தூள், தேடியபோது நான் எடுத்தது சிலிக்கா. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். பரப்பளவு, நுண்துளை, உருண்டை வடிவம் எல்லாம் இரண்டிலும் நன்றாகவே கிடைக்கும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பாலிப்ரொப்பிலீன் என்றால் கதை வேறு, அங்கே மெக்னீசியம் குளோரைடுதான் தாங்கி. மெக்னீசியம் அயனியும் டைட்டானியம் அயனியும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் வினையூக்கிக்கான டைட்டானியம் டெட்ராகுளோரைடு அந்தப் படிகத்தின் விளிம்புகளில் பாந்தமாக உட்கார்ந்துகொள்கிறது. அதனால் கூடிய வினைத்திறன்தான் பொருளிலிருந்து வினையூக்கி எச்சத்தைக் கழுவி நீக்கும் வேலையையே ஒழித்தது. குளோரைடு எச்சம் மட்டும் இருக்கும், அதிலிருந்து வரும் அமிலத்தைக் கால்சியம் ஸ்டியரேட் சேர்த்துச் சமாளிப்பார்கள். பாலிப்ரொப்பிலீனில் என் அனுபவம் குறைவு, அதனால் இதோடு விடுகிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: வினையூக்கி தாங்கியை விட்டுக் கழன்று வராமல் இருக்குமா? கழன்றுவிட்டால் அது கரைசலிலேயே பாலிமர் செய்யத் தொடங்கும், பஞ்சு மாதிரித் தூள் உலைச் சுவரில் படியும், வெப்பம் வெளியேறாது, கடைசியில் உலையை நிறுத்திச் சுரண்ட வேண்டியதுதான். சிலிக்காவின் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. மெட்டலோசீனை முடுக்கிவிடும் துணை வினையூக்கியான மெத்தில்அலுமினாக்சேன் அவற்றோடு வினைபுரிந்து வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ராக்சில் அதிகம் மிஞ்சினால் மெட்டலோசீன் நேராக அதில் மாட்டிச் செத்துவிடும், ரொம்பக் குறைந்தால் பிடிமானம் போதாது. அந்த அளவை வெப்பநிலையாலேயே திருகிக்கொள்ளலாம் என்பதுதான் சிலிக்காவின் பெரிய பலம். சூடாக்காத பரப்பில் சதுர நானோமீட்டருக்கு 5 ஹைட்ராக்சில் அளவில் இருப்பது, 600 டிகிரி செல்சியஸில் கால்சினேஷன் (உருக்காமல் கடுமையாகச் சூடாக்குவது) செய்தால் 1 சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

இப்படிக் கீழிருந்து நைட்ரஜன் விட்டுச் சூடேற்றும்போது குழாய்க்குள் சிலிக்காத் தூள் தண்ணீர் போலவே கொதித்துப் புரளும், வெளிப்போக்கில் ஈரம் முத்து முத்தாகத் திரளும். அப்புறம் கொஞ்சம் எடுத்து ட்ரைஎத்தில்அலுமினியத்தோடு சேர்த்து, வரும் ஈத்தேனை அளந்தால் ஹைட்ராக்சில் கணக்கு கையில். இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு தொகுப்புக்கும் செய்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. 1951-இல் ஹோகனும் பேங்க்ஸும் கண்டுபிடித்த பிலிப்ஸ் வினையூக்கியிலும் குரோமியத்தைச் சிலிக்கா மேல் ஏற்றி 600 முதல் 900 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அங்கேயும் வெப்பநிலையை ஏற்றினால் கிடைக்கும் பாலிஎத்திலீனின் உருகு குறியீடு (உருகிய நிலையில் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) உயர்கிறது.

மெக்னீசியம் குளோரைடில் இப்படி ஒரு பிடி கிடையாது. எத்தனாலோடு சேர்த்து உருண்டையாக்கி, எத்தனாலைப் பதமாக நீக்கி, அலுமினியம் ஆல்கைலால் பக்குவப்படுத்தினால் மெட்டலோசீனையும் ஏற்றலாம், நல்ல வினைத்திறனும் வரும். ஆனால் மூடியைத் திறந்தாலே ஈரத்தை இழுக்கும் பொருள் அது. சிலிக்காவும் ஈரம் பிடிக்கும்தான், மறுபடி சூடாக்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

சிலிக்காவுக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். துளைக்குள் பாலிமர் வளர வளரத் துகள் உடைந்து சிதற வேண்டும். சரியாக உடையாதவை மெல்லிய ஃபிலிமில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் கிராமுக்கு 1.5 மில்லிலிட்டருக்கு மேல் துளைக் கொள்ளளவும் அகலமான துளைகளும் உள்ள ரகமாகப் பார்த்து வாங்குங்கள், துகள் அளவு 40, 50 மைக்ரான் போதும்.