நீர்கொழும்பில் குடும்பமாக மீன்பிடிக்கப் போகிறவர்கள் காசு கட்டமுதல் இதை வாசியுங்கோ

போன கிழமைதான் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தோம். இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவிலிருந்து அக்காவும் மகனும் வந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் ஆட்களை ஏற்ற வேண்டும். மாங்குளத்தில் ஏ9 வீதியைப் பிடித்து வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று முன்னூறு கிலோமீற்றர் வான் ஓடுகிறது, அடுத்த நாள் பிள்ளைகளுக்கு ஏதாவது காட்டிவிட்டு வருவோம் என்று நினைத்தேன். கொழும்புக்குக் கிட்ட, குடும்பத்தோடு, மலிவாக என்று தேடினபோதுதான் நீர்கொழும்புப் படகுச் சுற்றுலாக்காரர் ஒருவரின் இணையப் பக்கம் வந்து விழுந்தது. காலை 7 மணிக்கு ஏறினால் கடலில் தூண்டில், பிறகு களப்பில் கண்டல் மரங்களுக்குள்ளே சுற்று, பிடித்த மீனைப் பொரித்து மத்தியானச் சாப்பாடு. பெரியாள் 3,500, சின்னாள் பாதி. நாங்கள் ஐந்து பெரியாட்கள், மூன்று பிள்ளைகள். 22,750 ரூபா.

காசு கட்ட முதல் நான் யோசிக்காமல் இல்லை. தொலைபேசியில் கதைத்த பெடியன் நல்ல தமிழ். எந்த இடம் என்று கேட்டான். முல்லைத்தீவு என்றேன். "ஐயோ அண்ணை, என்ர அம்மா முள்ளியவளை, உங்களுக்கு நான் பார்த்துச் செய்யாமல் ஆர் செய்யிறது?" என்றான். முள்ளியவளை எங்களுக்குக் கிட்டத்து ஊர், அதோடு நான் விழுந்துவிட்டேன். அம்மா 2004 சுனாமிக்குப் பிறகு வள்ளத்தில் கால் வைத்ததில்லை. எட்டுப் பேருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன், "அம்மாவுக்கு நானே கட்டிவிடுவன் அண்ணை" என்று குரல்பதிவு அனுப்பினான். அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். நல்ல பிள்ளை என்றா. முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டினால் சாப்பாடு இலவசம் என்றபடியால் 22,750 ரூபாவையும் அன்றைக்கே அவன் தந்த கணக்குக்குப் போட்டேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அது கண்ணில் பட்டது, ஆனால் கேட்கவில்லை.

காலை ஆறே முக்காலுக்குச் சொன்ன இடத்தில் நின்றோம். ஒருவரும் இல்லை. எட்டு மணி வரை தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. எட்டரைக்கு எடுத்து "படகு வந்துகொண்டிருக்கு அண்ணை" என்றான். ஒன்பதரைக்கு ஒரு சின்னப் படகு வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் சிங்களவர், வயதானவர், பாவம். அக்காவின் அரைகுறைச் சிங்களத்தில் விளங்கினது இதுதான்: அவரைக் களப்பில் அரை மணித்தியாலம் சுற்றிக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், எண்ணெய்க்காசு 4,000 எங்களிடம் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். தூண்டில் இல்லை. லைஃப் ஜாக்கெட் மூன்று, அதில் ஒன்றின் கொளுவி உடைந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது. முன்பக்கத்துப் பதிவு இலக்கத்தில் பாதி அழிந்திருந்தது. கடலுக்குப் போகலாமா என்றால் அலையைக் காட்டித் தலையை ஆட்டினார்.

அப்பா முப்பது வருடம் கரைவலை இழுத்தவர். வானுக்குள் இருந்தபடியே, "சோழகத்துக்குள்ள இந்தக் கரையில என்ன தூண்டில்?" என்றார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றால் ஓகஸ்ட் மாதம் மேற்குக் கரை கொந்தளிக்கும். அதனால்தானே நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்களே அந்த மாதங்களில் எங்கள் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் வந்து வாடி (கடற்கரைக் கொட்டில்) போட்டுத் தொழில் செய்கிறார்கள்? அந்த வாடிகளுக்கு முன்னால் வளர்ந்த நான் 22,750 ரூபா கட்டி அங்கே போய் நிற்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிச்சல். முதலில் "காலநிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை அண்ணை". பிறகு "வாற கிழமை வாங்கோ, இலவசமாகக் கூட்டிப்போறம்". முல்லைத்தீவிலிருந்து வாற கிழமையும் வரட்டாம்! பிறகு மூன்று வேலை நாளில் காசு வரும். பிறகு மனேஜர் மீற்றிங்கில் இருக்கிறார். மூன்றாம் நாள், "அண்ணை நீங்கள் ஊர்க்காரர் எண்டுதான் மரியாதையாகக் கதைக்கிறன்" என்றான். அதுதான் கடைசி, என் இலக்கத்தைத் தடுத்துவிட்டான். அக்காவின் தொலைபேசியில் எடுத்தேன், குரல் கேட்டதும் வைத்துவிட்டான். அந்த இணையப் பக்கத்தில் கருத்து எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். வங்கிக்குப் போனால், நீங்களாகவே போட்ட காசு, பொலிசில் முறைப்பாடு எழுதிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். எழுதப் போகிறேன். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அடிக்கப் போகிறேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் தொடங்கினேன், வான்காரன் மிச்ச வாடகைக்கு வந்து வாசலில் நிற்கிறான். சுருக்கமாகச் சொல்கிறேன். முழுக் காசும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். படகையும் அதன் பதிவு இலக்கத்தையும் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை அந்தக் கரையில் கடல் தூண்டில் என்று ஒருவன் விற்றால் தொலைபேசியை வையுங்கள். ஊரைச் சொல்லி உறவு கொண்டாடினாலும் வையுங்கள்.

இப்போதும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளை மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற அதே வீடியோ ஓடுகிறது. கீழே "இந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு குடும்பத்துக்கு மட்டுமே இடம்" என்று போட்டிருக்கிறார்கள்.