அந்த விளம்பரத்தில் இருப்பது என் வீட்டு விறாந்தை

போன கிழமை தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, நீ குட்டி விக்கிறியா? எனக்குச் சொல்லவே இல்லை" என்று கேட்டிருந்தாள். திறந்து பார்த்தேன். லப்ரடோர் குட்டிகள், வீட்டில் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தவை, யாழ்ப்பாணத்தில் எங்கும் கொண்டுவந்து தரப்படும் என்று போட்டிருந்தது. மேலே ஒரு படம். சிவப்புச் சீமெந்துத் தரை, மூலை உடைந்த ஒரு படி, படியில் ஒரு மஞ்சள் குட்டி, பக்கத்தில் ஒரு சின்னப் பையனின் கால்.

அந்தக் கால் என் மகனுடையது. அந்தப் படி கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தைப் படி. அந்தக் குட்டி பொன்னி. போன வருடம் தை மாதம் 55,000 ரூபா கொடுத்து நான் ஏமாந்து வாங்கிய குட்டி. வாங்கிய இரவு, "பத்திரமா வந்து சேர்ந்திட்டம்" என்று எழுதி, விற்றவருக்கு நானே அனுப்பிய படம் அது. அதை வைத்து அவர் இப்போது அடுத்தவர்களுக்கு விற்கிறார். இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தது பிழை என்று படத்தைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் நாய் தெரியாதவள் இல்லை. எங்கள் வீட்டில் செல்லி என்ற லப்ரடோர் பெட்டை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் குட்டி எடுப்போம். குட்டிகள் பிறந்ததும் வீட்டில் எல்லாருடைய நாளும் மாறிவிடும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாம் கிழமையில் காதும் நன்றாகக் கேட்கத் தொடங்கியதும் பெட்டியைக் குசினி வாசலுக்கு நகர்த்துவோம். திருவலையில் தேங்காய் துருவுவது, குக்கர் விசில், தண்ணீர் மோட்டர், பின்னேரம் ஒழுங்கையால் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ, வளவில் காவோலை சடாரென்று விழுவது, எல்லாம் அவற்றின் காதில் விழ வேண்டும். ஹெல்மெட்டோடு வருபவர், குடையோடு வருபவர், பொல்லூன்றி நடக்கும் என் அம்மா, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடமாவது தூக்கி மடியில் வைப்பார்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் விட முடியாது. குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் கடகத்துக்குள் துணி விரித்து, இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போவோம். கடகத்தின் விளிம்பில் இரண்டு மூக்கு மட்டும் தெரியும். ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று தலையைத் தடவிவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் செல்லம் கொடுப்பதற்காகச் செய்வது இல்லை. நாய்க்குட்டியின் மனம் உலகத்துக்குத் திறந்திருக்கும் காலம் மிகக் குறுகியது. ஏறக்குறைய 3 கிழமையில் தொடங்கி 12, 14 கிழமைக்குள் அது மூடிக்கொண்டுவிடும். 1961இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. குட்டிகளைத் தாயோடு ஒரு வேலிக்குள் மனிதர் பழகாமல் வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் ஒவ்வொன்றையும் ஒரு கிழமை மட்டும் எடுத்துப் பழக்கினார்கள். ஐந்து முதல் ஒன்பதாம் கிழமைக்குள் எடுத்த குட்டிகள் மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொண்டன. 14 கிழமை வரை மனிதர் கை படாமல் இருந்தவை காட்டு மிருகம் மாதிரியே நின்றுவிட்டன. இதை அறிந்திருந்தும் நான் ஏமாந்தேன்.

செல்லிக்கு வயதாகிறது. அடுத்ததாக ஒரு பெட்டைக் குட்டியை எங்களோடே வைத்து வளர்க்க வேண்டும், வேறு இரத்தமாக இருக்க வேண்டும் என்று தேடினோம். அப்போது இதே ஆளின் பழைய விளம்பரம் ஒன்றைக் கண்டோம். மருதனார்மடத்துக்கு அங்கால் ஒரு ஒழுங்கை. நல்ல வீடு, வாசலில் செவ்வரத்தை. விறாந்தையில் புதுப் பாய் விரித்து நான்கு குட்டிகளை விட்டிருந்தார்கள். குளிப்பாட்டி, குழந்தைப் பவுடர் மணக்க வைத்திருந்தார்கள்.

"எல்லாம் வீட்டுக்குள்ள வளர்ந்த பிள்ளையள் அக்கா. சரியா 8 கிழமை" என்றார் அவர்.

தாயைக் கேட்டேன். "அது பின்னால கட்டி நிக்குது, ஆக்களைக் கண்டால் குட்டியை விடாது" என்றார். பார்க்கத்தான் வேண்டும் என்று நின்றபின் ஒரு மஞ்சள் நாயைக் கூட்டிவந்தார். அழகான நாய். ஆனால் அதன் வயிறு ஒட்டி இருந்தது, முலைகள் பட்டாணி அளவு. எட்டுக் கிழமைக் குட்டிக்குத் தாயென்றால் முலை தொங்கி, தோல் தளர்ந்து இருக்கும். செல்லியில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். கண் கண்டது. கேட்க வாய் எடுத்த நேரம் நான்கில் மெலிந்த ஒரு குட்டி என் செருப்போடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. தூக்கினேன். பாதத்தின் உட்புற மயிர் மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது, விரல்கள் விரிந்திருந்தன, நகம் வளைந்து நீண்டிருந்தது. கால் உடம்புக்கு மிஞ்சின நீளம். "தகப்பன் நல்ல உயரம் அக்கா" என்றார். இதை இங்கே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. காசை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் தரையில் விட்டதும் அப்படியே உறைந்து நின்றது. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. முற்றத்து மணலில் விட்டேன், காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. மண்ணையே அது முதன்முதலாக மிதிக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கியது. பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் செல்லி வாலாட்டிக்கொண்டு கேற்றுக்கு ஓடியது. பொன்னி தண்ணீர் வாளிக்குப் பின்னால் புகுந்து, தன் மூத்திரத்துக்குள்ளேயே படுத்துக்கொண்டது. வீட்டில் வளர்ந்த குட்டிகள் நான்காம் கிழமையிலேயே படுக்கையை விட்டுத் தள்ளிப்போய் ஒதுங்கப் பழகிவிடும். கூண்டுக்குள் நின்ற இடத்திலேயே எல்லாம் செய்து வளர்ந்தது அந்தச் சுத்தத்தை இழந்துவிடும். அதைத் திருப்பிப் பழக்க எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது.

மூன்றாம் நாள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் தராசில் வைத்தார், 5.8 கிலோ. பிறகு மெதுவாக மேலுதட்டைத் தூக்கி என்னைக் கிட்ட வரச் சொன்னார். முன்பல் வரிசையில் எல்லாம் ஊசி மாதிரிப் பால்பல். நடுவில் இரண்டு மட்டும் அகலமாக, விளிம்பில் மூன்று மொட்டு வைத்தாற்போல் வெள்ளையாக வெளியே வந்துகொண்டிருந்தன.

"இது விழுந்து முளைக்கிற பல்லு. மூண்டு மாதம் தாண்டாமல் வராது. உங்களுக்கு எத்தனை கிழமை எண்டு சொன்னவை?"

எட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீனி இல்லாமலும் வயிறு நிறையப் புழுவோடும் இருந்ததால் வளராமல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். பல்முரசு வெளிறிப்போய் இருந்தது. ஊசி அட்டையை வாங்கிப் பார்த்தார். திகதி இருக்கிறது, ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது. ஊசிக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டும் லேபிள் ஒன்றுகூட இல்லை. மருந்தின் பெயரும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. எல்லாவற்றையும் முதலில் இருந்து போட வேண்டும் என்றார்.

எனக்கு ஊசி, புழு மருந்து, செலவு எதுவும் பெரிதாகப் படவில்லை. அந்தக் குட்டி எங்களிடம் வரும்போதே கதவு மூடப்பட்டுவிட்டது என்பதுதான் வயிற்றைப் பிசைந்தது. எட்டுக் கிழமை என்றால் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது, கடகத்தில் வைத்து ஊரைக் காட்டலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஒரு மாதத்தை அவர் பொய் சொல்லி விற்றிருக்கிறார்.

விற்றவருக்கு அழைத்தேன். "கொண்டுபோய் மூண்டு நாளில நீங்கள் பழுதாக்கிப்போட்டு என்னைச் சொல்லாதேங்கோ" என்றார். அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து நானும் என் கணவரும் அந்த வீட்டுக்கே போனோம். வயதான ஒரு அம்மா வந்து கேற்றைத் திறந்தார்.

"நாயோ? எங்களிட்ட நாயே இல்லைப் பிள்ளை. அந்தத் தம்பி எப்பவாவது சனி ஞாயிறிலை விறாந்தையை ஒரு மணித்தியாலம் கேட்பார். ஆக்கள் வந்து பார்த்திட்டுப் போயிடுவினம். ஏதோ கையில தருவார்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். குட்டிகள் எங்கே இருந்து வருகின்றன என்று கேட்டேன். வெளியூரில் இருந்து பெட்டியில் வருகிறதாம், பெட்டி பின்னால்தான் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். கோழிக் கூடு. அடியில் மரம் இல்லை, கம்பிவலை. பொன்னியின் விரிந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. அங்கே நிற்க முடியவில்லை.

பொன்னிக்கு இப்போது ஒன்றரை வயது. எங்கள் ஐந்து பேரையும் நம்பும். வேறு யாரையும் நம்பாது. ஏழு மாதத்தில் ஒரு உறவுக்காரர் பாசமாகத் தலைதடவக் குனிந்தபோது கையைக் கடித்துவிட்டது. அவருக்கு ஆஸ்பத்திரியில் விசர்நாய்க்கடி ஊசி போட்டார்கள். பொன்னிக்கு ஊசி போட்டிருந்தும், ஒரு நாளும் கடி வாங்காத மனிதர் எத்தனை நாள் பயந்திருப்பார். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு அது கட்டிலுக்குக் கீழே போனால் இரண்டு நாள் வராது. அப்போதெல்லாம் அம்மாதான் பாயைப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுப்பார், கையை மட்டும் உள்ளே நீட்டிவைத்துக்கொண்டு. 1995 ஒக்டோபர் கடைசியில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்த இரவில் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டுப் போனவர் அவர். நாவற்குழிப் பாலம் வரைக்கும் அது பின்னால் வந்ததாம். சனத்துக்குள் பிறகு காணவில்லை. அதை எங்களிடம் ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறார். பொன்னி நடுங்கும்போது வேறு யாரையும் அறைக்குள் விடமாட்டார்.

பொன்னியில் நாங்கள் குட்டி எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம். பயந்த தாயின் குணம் குட்டிக்கும் போகும். இரத்தத்தாலும் போகும், தாய் வளர்க்கிற விதத்தாலும் போகும். கருத்தடை செய்தாயிற்று.

இனிக் குட்டி வாங்க இருப்பவர்களுக்கு. விறாந்தையில் காட்டினால் விறாந்தையில் நிற்காதீர்கள். குட்டிகள் இரவில் படுக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் வளர்கிற குட்டிகள் என்றால் அந்த இடம் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். கடித்த செருப்பு, கிழிந்த சாக்கு, பேப்பர், மூத்திர மணம் எல்லாம் இருக்கும். ஒன்றுமே இல்லாமல் புதுப் பாய் மட்டும் இருந்தால் அந்தக் குட்டிகள் அங்கே வளரவில்லை. தாயைப் பாருங்கள், தாயின் முலையைப் பாருங்கள், குட்டிகளைத் தாயோடு விடச் சொல்லுங்கள். சொந்தத் தாயென்றால் குட்டிகள் ஓடிப்போய்ப் பால் தேடும். சலித்துப்போன தாய் உறுமிக் கலைத்தாலும் அது தாய்தான்.

சாவிக்கொத்தைக் குட்டிகளுக்குக் கொஞ்சம் தள்ளி நிலத்தில் போட்டுப் பாருங்கள். நல்லாய்ப் பழகின குட்டியும் திடுக்கிடும், அதில் பிழை இல்லை. ஆனால் சில விநாடியில் வந்து முகர்ந்து பார்க்கும். மூலைக்குப் போய்த் திரும்பி வராத குட்டியைக் கவனியுங்கள். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். ஊசி அட்டையில் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் சொல்லிவிட்டுப் போங்கள், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். இரண்டாம் தரம் அந்த வீட்டில் நாயே இல்லை என்றால் உங்கள் காசு தப்பியது. கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். வீட்டைக் காட்ட விரும்பாததால்தான் கொண்டுவந்து தருகிறார்கள்.

அப்புறம், பாவம் பார்த்து வாங்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. பொன்னியை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று இன்று மடியில் அதை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நான் கொடுத்த 55,000 ரூபாவில் அந்தக் கோழிக் கூட்டுக்குள் அடுத்த நான்கு குட்டிகள் வந்திருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

சிவப்புத் தரையும் மூலை உடைந்த படியும் உள்ள படத்தோடு யாராவது உங்களுக்கு லப்ரடோர் விற்க வந்தால், அது எங்கள் வீடு, அங்கே இப்போது விற்கக் குட்டி இல்லை. தனியாகப் போய்ப் பார்க்கத் தயங்குகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் எட்டு மணிக்குப் பிறகு நானும் கூட வருவேன். சாவிக்கொத்தை நானே கொண்டுவருகிறேன்.