தேக்காவா, முஸ்தபாவா, புளோக் கீழ்க்கடையா? சென்னையிலிருந்து வந்தவர்கள் சமையலறைக்கு ஓர் அலசல்

சிங்கப்பூருக்குக் குடிவந்த சென்னைக் குடும்பத்துக்கு எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, "முஸ்தபாவுக்குப் போங்க, எல்லாம் கிடைக்கும்." உண்மைதான், கிடைக்கும். ஆனால் எல்லாம் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அங்கேயே வாங்க வேண்டியதில்லை. மீன், கறி, தேங்காய், கீரைக்கு இந்தியர் வட்டாரமான லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை. மளிகை, பாத்திரத்துக்கு முஸ்தபா என்ற பெரிய கடை. பால், முட்டை, தினசரிக் காய்க்கு வீட்டுக்குப் பக்கத்தில், அடுக்குமாடி புளோக்குக் கீழே உள்ள பேரங்காடியும் ஈரச்சந்தையும் (மீன், கறி, காய் விற்கும் சந்தை). இப்படிப் பிரித்துக்கொண்டால் செலவும் அலைச்சலும் குறையும். முதல் மாதம் முழுக்க வாராவாரம் லிட்டில் இந்தியாவுக்கு ஓடுகிறவர்கள், இரண்டாம் மாதம் அலுத்துப்போய் வெளிச் சாப்பாட்டில் விழுந்துவிடுகிறார்கள்.

தேக்கா நிலையம் சிராங்கூன் சாலையும் பஃப்பலோ சாலையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தின் சி வாயில் வழியாக வெளியே வந்தால் பஃப்பலோ சாலைக் காய்கறிக் கடைகளே எதிர்கொள்ளும். 1982-ல் கட்டி முடித்த கட்டடம். 2023-ல் மூன்று மாதம் மூடிப் பழுதுபார்த்துத் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, மறுபக்கம் உணவங்காடி. மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும்.

நேரம் முக்கியம். மீனும் கறியும் காலை ஏழு மணிக்குள் அடுக்கி முடித்திருப்பார்கள். மதியம் நெருங்கும்போது பாதிக் கடை கழுவிவிடத் தொடங்கிவிடும். மாலையில் போய் மீன் தேடிப் பயனில்லை. திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை ஓய்வில் வரும் ஊழியர்களால் வட்டாரமே நிரம்பியிருக்கும்; தள்ளுவண்டிப் பையோடு நடக்கவும் இடமிருக்காது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் போவது உத்தமம்.

மீன் பகுதிதான் தேக்காவின் பலம். தயக்கம் வருவது பெயரில்தான். கடைக்காரர்களில் பலர் மலாய்ப் பெயர் சொல்வார்கள்: வஞ்சிரம் 'தெங்கிரி பாத்தாங்', வெள்ளை வாவல் 'பாவால் பூத்தே', காலா 'குராவ்', கொடுவா 'சியாக்காப்', கானாங்கெளுத்தி 'கெம்போங்', நெத்திலி 'ஈக்கான் பிலிஸ்'. 'தெங்கிரி' என்று மட்டும் கேட்டால் 'பாப்பான்' வகையும் கைக்கு வரலாம்; அது வேறு மீன். வறுவலுக்கு நமக்குப் பழகிய வஞ்சிரம் வேண்டுமென்றால் 'பாத்தாங்' என்பதை விடாமல் சொல்லுங்கள். துண்டின் கனத்தையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு விரல் கனத்துக்கு மேல் நறுக்கிவிடுவார்கள். வறுக்கும்போது வெளியே கருகி உள்ளே வேகாது. அரை அங்குலம் போதும். செதில் சீவி, குடல் எடுத்துக் கொடுப்பதற்குத் தனிக்கூலி கேட்பதில்லை. குழம்புக்குத் தலை வேண்டும் என்பதை நறுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கண் தெளிவு, செவுள் சிவப்பு, அழுத்தினால் மேலெழும் சதை என்று பார்ப்பதெல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுதான். இங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டியது, மீன் பனிக்கட்டிக்கு மேல் இருக்கிறதா, உருகிய தண்ணீரில் மிதக்கிறதா என்பது. காலை பத்து மணிக்கு மேல் தண்ணீரில் கிடக்கும் மீனைத் தொடாதீர்கள்.

ஆட்டுக்கறியில் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கு விற்பதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. அதிலும் செம்மறிதான் அதிகம். நம் ஊர் வெள்ளாட்டைவிடக் கொழுப்பு கூடுதல், வாடையும் வேறு. வெள்ளாடு வேண்டுமென்றால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செம்மறி இளங்கறி என்றால் குக்கரில் சென்னைக் கணக்குக்கு விசில் விட்டால் நார்நாராகிவிடும். மூன்று விசிலில் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் இன்னொன்று விடலாம். மஞ்சளும் தயிரும் தடவி அரை மணி நேரம் வைத்து, மேல் கொழுப்பைச் சீவிவிட்டால் வாடை அடங்கும். பேரங்காடியின் உறைந்த கறிப் பொட்டலத்தைவிடத் தேக்காவில் கண்முன் வெட்டி வாங்குவது எவ்வளவோ மேல். எலும்பும் சதையும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம்.

தேங்காய் விஷயத்தில் சென்னையைவிட இங்கே வசதி. வாங்கிய தேங்காயைக் கடையிலேயே இயந்திரத்தில் துருவித் தருவார்கள். ஓட்டுத் தோலோடு துருவியது குழம்புக்கும் கூட்டுக்கும் சரி; சட்னிக்குத் தோல் சீவிய வெள்ளைத் துருவலாகக் கேளுங்கள். ஆனால் இந்த வெக்கையில் துருவல் மூன்று நான்கு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பையில் தட்டையாக அழுத்தி உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். உருண்டையாக வைத்தால் உடைத்தெடுக்கக் கத்தியோடு மல்லுக்கட்ட நேரும்.

முருங்கைக்காய், முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, சின்ன வெங்காயம், வெற்றிலை, வாழை இலை எல்லாம் பஃப்பலோ சாலைக் கடைகளில் கிடைக்கும். சில கடைகளில் இன்னும் 'கட்டி' கணக்கு காதில் விழும். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். விலைப்பலகையில் கிலோவா, நூறு கிராமா, கட்டியா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். சிறு கடைகள் பெரும்பாலும் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாதவை. சொன்ன விலைதான் விலை. பணம் கொடுக்க 'பேநவ்' எனும் கைபேசிப் பணமாற்று பரவலாகப் புழங்குகிறது, ஆனால் அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். அது திறக்கும் வரை சில்லறையாக வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

முஸ்தபா சையத் ஆல்வி சாலையில், ஃபேரர் பார்க் நிலையத்துக்கு அருகில். மளிகை 'லெவல் 2', நம் ஊர்க் கணக்கில் முதல் மாடி. கோவிட்டுக்கு முன் 24 மணி நேரமும் திறந்திருந்த கடை. இப்போது பின்னிரவில் மூடுகிறார்கள். உள்ளே போகும்போது கையில் உள்ள பையின் வாயைப் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். பணப்பையை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழிகள் குறுகல், அடுக்குகள் உயரம், ஒரே பொருளுக்குப் பத்து நிறுவனம். பட்டியல் இல்லாமல் போனால் இரண்டு மணி நேரம் காணாமல் போகும், கூடையில் தேவையில்லாதது ஏறும். வார நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் நெரிசல் குறைவு.

இங்கே வாங்கத் தகுந்தவை: பொன்னி புழுங்கல், இட்லி அரிசி, முழு உளுந்து, துவரம்பருப்பு, வற்றல் வகைகள், நல்லெண்ணெய், காபித் தூள், எவர்சில்வர் பாத்திரம், இடியாப்ப அச்சு, குக்கர். அரிசியைப் பத்துக் கிலோ மூட்டையாக வாங்கச் சபலம் வரும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து கிலோவே போதும், காரணம் பின்னால் வருகிறது. மசாலாப் பொட்டலங்களில் கடைசித் தேதியைப் பாருங்கள், முக்கியமாகச் சலுகை விலையில் வைத்திருப்பவற்றில். இங்கே காய்கறியும் இருக்கிறது, ஆனால் காலைத் தேக்கா காய்க்கு ஈடில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எச்டிபி) குடியிருப்பின் ஈரச்சந்தையைப் புதியவர்கள் 'சீனர் கடை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். வெண்டை, கத்தரி, பாகல், பீர்க்கு, முள்ளங்கி, காராமணி எல்லாம் அங்கேயே உண்டு. பாகல் வெளிர்நிறம், கசப்பு குறைவு. பிட்லைக்கு அருமை, வறுவலுக்குச் சுமார். 'பாயம்' என்று விற்பது நம் தண்டுக்கீரை இனம்தான், மசியலுக்குப் பிசகில்லை. கானாங்கெளுத்தியும் அங்கே கிடைக்கும். பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு. துணிப்பை ஒன்று எப்போதும் உடன் இருக்கட்டும். பேரங்காடிப் பாலில் கொழுப்பைச் சிதறடித்திருப்பதால் ஆடை தடிப்பாகப் படியாது. ஆடை சேர்த்து வெண்ணெய் கடையும் திட்டமிருந்தால் கைவிட்டு, நெய்யை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து எதைத் தூக்கி வருவது? மிக்ஸியைக் கொண்டு வரலாம். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாறுவது பிளக் மட்டும்: இங்கே மூன்று சதுரக் கால், உள்ளே ஃபியூஸ். மலிவு அடாப்டரில் 750 வாட் மிக்ஸியை ஓட்டினால் கால் தளர்ந்து சூடேறி உருகும். பாதுகாப்பு முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக்கை மாட்டிவிடுவதே சரி: பழுப்புக் கம்பி ஃபியூஸ் பக்கம், நீலம் எதிர்ப்பக்கம், பச்சை மஞ்சள் மேலே உள்ள நில இணைப்புக்கு. 700 வாட்டுக்கு மேலுள்ள சாதனத்துக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் ஓட்டத் தொடங்கும்போதே அறுந்துவிடக்கூடும். பிளக்கைத் திறந்து பழக்கமில்லாதவர் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடலாம். மிக்ஸியின் அடியில் உள்ள ரப்பர் கப்ளர் இரண்டு, குக்கர் கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று என்று உதிரிபாகங்களைச் சேர்த்து எடுத்து வாருங்கள். உங்கள் மாடலுக்குப் பொருந்துவதை இங்கே தேடியலைவது வீண்வேலை.

எரிவாயு அடுப்பைக் கொண்டு வரவே வேண்டாம். பல வீவக வீடுகளில் குழாய் வழியாக வருவது ஹைட்ரஜன் அதிகமுள்ள வாயு. நம் ஊர் சிலிண்டர் வாயுவுக்குச் செய்த அடுப்பின் ஜெட் அதற்குப் பொருந்தாது. தீ சரியாக நிற்காது, பின்னோக்கி எரியும் அபாயமும் உண்டு. சில வீடுகளில் சிலிண்டர், சிலவற்றில் மின்சார அடுப்பு. வாடகை ஒப்பந்தத்துக்கு முன் எது என்று கேட்டுவிடுங்கள். இண்டக்‌ஷன் என்றால் இண்டாலியச் சட்டியும் ஈயச்சொம்பும் வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். ஆர்ஓ இயந்திரமும் வேண்டாம், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

கிரைண்டர் கல் கனம். அதை விமானத்தில் சுமப்பதைவிட இங்கே வாங்குவது அறிவு. வாங்கும்போது 110 வோல்ட் ஏற்றுமதி மாடலை எடுத்துவிடாமல் பின்பக்க ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். மாவரைக்கும் வேலையை மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இரவிலும் அதிகாலையிலும் சத்தம் தவிர்க்கச் சொல்கிறது வீவக, கீழ்வீட்டுக்காரரும் அதையே சொல்வார். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரையுங்கள். சமையலறையில் வைத்தால் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். மாலை ஆறுக்கு வைத்துவிட்டுக் காலை ஏழுக்கு எடுத்தால் புளித்துவிட்டிருக்கும். ஏசி அறையில் வைத்தாலோ எழும்பாது.

அரிசி மூட்டை கூடாது என்றதற்குக் காரணம் ஈரப்பதம். ரவை, கடலை மாவு, பருப்பு எல்லாவற்றிலும் வண்டு விழும், அப்பளம் நமத்துப்போகும். வாங்கி வந்த ரவையையும் மாவையும் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துவிடும். பிறகு காற்றுப்புகாத டப்பாவில் போடலாம். பொட்டலத்தைத் திறக்கும் முன் அது அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும்.

பெட்டியில் வைக்கக்கூடாதது ஒன்று: கசகசா. சிங்கப்பூரில் அதை மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு தடைசெய்யப்பட்ட பொருளாக நடத்துகிறது. மாமியார் ஆசையாகக் கட்டிக்கொடுத்த குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான், கேட்டுவிட்டே வாங்குங்கள். ஒரு மேசைக்கரண்டி கசகசாவுக்குப் பதில் எட்டு முந்திரி, அல்லது அதே அளவு பொட்டுக்கடலை. குருமாவின் கெட்டிக்குக் குறைவிராது. கறியோ கோழியோ சேர்ந்த எதையும் கொண்டு வராதீர்கள், இறைச்சிக்கு அனுமதி பெற்ற நாடுகள் மட்டும்தான். சூயிங்கம் 1992 முதலே தடை. பொடி வகைகளை எழுத்து ஒட்டிய பொட்டலத்தில் வையுங்கள்; பெயரில்லாத பழுப்புப் பொடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும்.