அச்சை மாற்றுவதா, உடலை இறக்குவதா?

1932 ஃபோர்டு காரைப் பழைய அமெரிக்க ஹாட் ராட் (வேகத்துக்கும் தோற்றத்துக்கும் மாற்றியமைத்த பழைய கார்) பாணியில் தாழ்த்த இரண்டு வழிகள் பெயர் பெற்றவை. கலிஃபோர்னியாக்காரர்கள் பெரிதும் விரும்பியது டிராப்டு ஆக்சில். இரு முனைகளையும் மேல்நோக்கி வளைத்து, நடுப்பகுதியைத் தாழ்த்திய அச்சை முன்பக்கம் மாட்டுவார்கள். சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், முன்பக்கம் 3, 4 அங்குலம் இறங்கும். ஸ்பிரிங்கில் கை வைக்காததால் அதன் அசைவு குறையாது. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் கைகளையும் கூடவே கீழே வளைக்க வேண்டும். மறந்தால், அவற்றை இணைக்கும் குறுக்குத் தண்டு மேலே உள்ள சேஸிஸ் இரும்பில் இடிக்கும். அப்புறம் திருப்பத்தில் கடவுள்தான் துணை.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் செல்வாக்குப் பெற்றது சேனலிங். தரைத்தகட்டை வெட்டி, உடலைச் சேஸிஸின் மேல் கீழிறக்கி, தரையை உயரத்தில் பற்றவைப்பார்கள். பார்க்கத் தரையோடு ஒட்டியதுபோல் இருக்கும். சேஸிஸோ ஓர் அங்குலம்கூட இறங்கியிருக்காது. ரேடியேட்டர் கூட்டையும் குட்டையாக்காவிட்டால் பானெட் துருத்திக்கொண்டு நிற்கும். நெடிய ஆள் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும்.

என் ஓட்டு அச்சுக்கே. பழைய அச்சைக் கொட்டகையில் வைத்திருந்தால் மறுபடி மாட்டிவிடலாம். துருப்பிடிக்காத அசல் உடலை வெட்டுவதற்கு எனக்கு மனம் வராது. தரை ஏற்கெனவே இற்றுப்போன உடல் என்றால், சேனலிங் செய்யத் தடையில்லை.