சைபர்பங்க் ரெட்: ஒன்றரை வருடம் நடத்திய பிறகு

நண்பர்கள் நான்கு பேருக்கு சைபர்பங்க் ரெட் நடத்தத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு இது; கதையை நடத்துவதும் மற்ற பாத்திரங்களாகப் பேசுவதும் நான். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மைக் பாண்ட்ஸ்மித் 1988ல் தொடங்கிய வரிசையில் 2020ல் வந்த பதிப்பு இது. கதை நடப்பது 2045ல், போரில் சிதைந்து மறுபடி எழுந்துகொண்டிருக்கும் நைட் சிட்டி என்ற கற்பனை நகரத்தில்.

துப்பாக்கிக்கும் ஹேக்கிங்குக்கும் ஆசைப்பட்டுத்தான் ஆரம்பித்தோம், ஆனால் இத்தனை நாள் எங்களை விடாமல் பிடித்து வைத்திருப்பது மாத வாடகை. கன்டெய்னர் வீட்டுக்கு மாதம் 1000 யூரோபக் (விளையாட்டில் உள்ள பணம்), கிபிள் என்கிற மட்டமான சாப்பாட்டுக்கு 100; சுமாரான ஒரு வேலைக்கு ஆளுக்குக் கிடைப்பதும் அதே 1000தான். அந்த 100 துண்டு விழுகிறது பாருங்கள், அங்கேதான் கதையே பிறக்கிறது. நான் வில்லன் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை, 1ஆம் தேதி நெருங்கினாலே எந்த வேலைக்குத் தலையாட்டுவது என்று நால்வரும் அடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஹியூமானிட்டி, அதாவது பாத்திரத்திடம் மிச்சமிருக்கும் மனிதத்தன்மையைக் காட்டும் எண். உடம்பில் இயந்திரம் ஏற ஏற அந்த எண் குறையும், பத்து பத்தாகக் குறையும்போது எம்பதியும், அதாவது பிறரோடு ஒட்டும் திறனும், இறங்கும். சோலோ என்கிற சண்டைக்காரப் பாத்திரத்தை ஆடும் நண்பன் 60ல் தொடங்கி, இரண்டு சைபர் கை, அப்புறம் வேகத்தைக் கூட்டும் சாண்டெவிஸ்டன் கருவி என்று போட்டுப் போட்டு 30க்குக் கீழே வந்துவிட்டான். பக்கத்து கன்டெய்னர் பாட்டியிடம் தினமும் நின்று பேசுகிற பாத்திரம் அது. அன்றைக்குப் பாட்டியாக நான் "சாப்பிட்டியாப்பா?" என்றேன். அவன் தாளில் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பதில் சொல்லாமல் போகிறேன்" என்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேசையே அமைதியாகிவிட்டது.

ஹேக்கிங் செய்யும் பாத்திரமான நெட்ரன்னர், இணைப்பு முனைக்கு ஆறு மீட்டருக்குள் வந்துதான் அந்த இடத்தின் கணினி வலையான நெட்டில் நுழைய முடியும் என்பதால் அவளும் கூட்டத்தோடு உள்ளே வந்தாக வேண்டும், மற்றவர்கள் கதவைக் காக்க வேண்டும். அருமையான விதி.

சண்டைதான் எங்களுக்கு முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. எல்லோரிடமும் 11 புள்ளிக் கவசம், அதைத் தாண்டும் அடிதான் உடம்பில் படும்; கனமான கைத்துப்பாக்கியின் 3 பகடை சராசரியாக 10.5தான் கொடுக்கும், பாதிக் குண்டுகள் உடம்பைத் தொடுவதே இல்லை. இப்போது சில்லறை அடியாட்களுக்குக் கவசத்தை 7ஆகக் குறைத்து, பாதிப் பேர் விழுந்ததும் மீதிப் பேரை ஓடவிடுகிறேன். இரண்டு மணி நேரச் சண்டை நாற்பது நிமிடத்தில் முடிகிறது, வாடகைச் சண்டைக்கு நேரம் மிஞ்சுகிறது.