பட்டாயாவில் "நீச்சல் குளத்துடன் மலிவு அறை" தேடுகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்

ஒரு டிசம்பரில் திருப்பூரிலிருந்து நாங்கள் நான்கு பேர் பட்டாயா போனோம். அறை பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கூட்டாளிகள் போட்ட நிபந்தனை மூன்று: இரவில் களைகட்டும் வாக்கிங் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போக வேண்டும், நீச்சல் குளம் வேண்டும், ஒரு இரவுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆப்பில் தேடியபோது மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தது. இரண்டு படுக்கையறை, இரவுக்கு 1,500 பாட் (தாய்லாந்துப் பணம்). முதல் படத்திலேயே கடலைப் பார்த்தபடி நீலமாக ஒரு குளம். நான்கு இரவுக்கும் சேர்த்து 6,000 பாட்டை அப்போதே கட்டிவிட்டேன். அப்போது ஒரு பாட் ஏறக்குறைய இரண்டரை ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தின் தலைப்பில் ரிசார்ட் என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் 'அபார்ட்மெண்ட்' என்றும் இருந்தது. அதை நான் படித்தேன். படித்தும் ஒன்றும் தோன்றவில்லை, அது என் தப்பு.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வழியிலேயே செய்தி வந்துவிட்டது: கட்டடத்துக்கு நேராகப் போக வேண்டாம், தெருமுனை செவன் இலெவன் கடை வாசலில் நில்லுங்கள். ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தார். டெபாசிட் 3,000 பாட், ரொக்கமாகக் கேட்டார். ஆப்பில் அப்படி ஒரு தொகையே போடவில்லை. ரசீது கேட்டதற்குச் சிரித்தார். ஒரு சாவி, ஒரு கார்டு, கூடவே ஒரு புத்திமதி: செக்யூரிட்டி கேட்டால் ஓனரின் நண்பர்கள் என்று சொல்லுங்கள், லாபியில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள்.

"மாப்ள, நாம தங்க வந்திருக்கமா, திருட வந்திருக்கமா?" என்றான் என் நண்பன். ராத்திரி முழுக்கத் தூங்காத களைப்பு. சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டோம். லிஃப்டுக்குள் நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம் என்று.

மதியம் துண்டும் கையுமாகக் குளத்துக்கு இறங்கினோம். எங்கள் கார்டு அந்தக் கதவைத் திறக்கவில்லை. செக்யூரிட்டி வந்து அறை எண்ணைக் கேட்டார், நோட்டைப் புரட்டினார், தலையை ஆட்டிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஷ்யக் குழந்தைகள் இரண்டு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் செய்தி போட்டோம். பதில் உடனே வந்தது: குளம் இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். காலை ஆறு மணிக்கு முன்னால் போய்ப் பாருங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நாங்கள் எல்லாரும் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள். பண்ணையக்காரர் பார்க்கும் முன் குளித்துவிட்டு ஓடி வருவதெல்லாம் பத்து வயதில் செய்தது. காசு கொடுத்துவிட்டு அதை மறுபடி செய்ய மனசு வரவில்லை.

விஷயம் இதுதான். பட்டாயாவில் காண்டோ என்று சொல்லும் அடுக்குமாடி வீடுகள் ஏராளம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஓனர். குளமும் ஜிம்மும் எல்லா ஓனர்களுக்கும் பொது, பராமரிப்புப் பணம் கட்டுவது அவர்கள். சிலர் வீட்டை நாள் வாடகைக்கு ஆப்பில் ஏற்றிவிடுகிறார்கள். தாய்லாந்தின் 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு நாள் கணக்கில் தங்கவைப்பது ஹோட்டல் தொழில். அதற்கு லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 பாட் வரை அபராதமோ விழும். சில சிறிய இடங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அவற்றையும் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். சட்டம் பிடிப்பது நடத்துபவரைத்தான், தங்குபவரை அல்ல. இது தெரியாமல் நாங்கள் இரண்டு நாள் செக்யூரிட்டியைக் கண்டாலே ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைத்ததும் நியாயம்தான். தினம் ஒரு புதுக் கூட்டம் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

தூரமும் ஏமாற்றுதான். 'வாக்கிங் ஸ்ட்ரீட் 5 நிமிடம்' என்று போட்டிருந்தார்கள். வீடு இருந்தது பிரதம்னாக் குன்றின் மேல். வரைபடத்தில் ஒட்டினாற்போல்தான் தெரியும். இறங்கிப் போக அரை மணி நேரம், நள்ளிரவுக்கு மேல் ஏறி வர அதற்கும் கூட. பீச் ரோட்டில் பத்து பாட்டுக்கு ஏற்றிப்போன சொங்தேவ் என்ற ஷேர் வண்டி எங்கள் தெருப்பக்கம் வரவே இல்லை. தினமும் ஆப்பில் கார் பிடித்தோம், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போனது.

மூன்றாம் நாள் காலையில் கிளம்பிவிட்டோம். டெபாசிட்டில் 1,000 பாட் மட்டும் திரும்பி வந்தது. சுத்தம் செய்யும் கூலி, கரண்ட், சுவரில் ஒரு கீறல் என்று மீதிக்கு அந்தப் பெண் கணக்குச் சொன்னார். கீறல் முன்பே இருந்தது என்று காட்ட எங்களிடம் படம் இல்லை. ஆப் நிறுவனமோ, உள்ளே போய்த் தங்கிவிட்டீர்கள், ஆப்புக்கு வெளியே கொடுத்த ரொக்கத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கையை விரித்துவிட்டது. சுற்றுலாப் போலீஸுக்கு 1155 என்று ஒரு எண் இருக்கிறது. அதை நான் தெரிந்துகொண்டதே ஊர் திரும்பிய பிறகுதான்.

கடைசி இரண்டு இரவுக்கு சோய் புவாகாவ் தெருப் பக்கம் ஒரு சாதாரண ஹோட்டலுக்கு மாறினோம். இரண்டு அறை, கொஞ்சம் கூடுதல் செலவு. ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார்கள், டெபாசிட்டுக்கு ரசீதும் கொடுத்தார்கள். மொட்டைமாடிக் குளம் எங்கள் ஊர் பம்புசெட்டுத் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆனால் எந்தக் கேள்வியும் இல்லாமல் குளித்தோம். எதிரே இருந்த பாரின் பாட்டு ராத்திரி இரண்டு வரை ஜன்னலை அதிரவைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பின்பக்க அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

சரி, முன்பதிவுக்கு முன் நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், விளம்பரப் படங்களைப் பார்ப்பதே இல்லை. குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களின் கருத்துகளுக்குள் போய் 'குளம்', 'செக்யூரிட்டி', 'டெபாசிட்' என்ற சொற்களைத் தேடுகிறேன். இருபத்துநான்கு மணி நேர ரிசப்ஷன் இருக்கிறதா என்று பார்க்கிறேன். 'உங்களிடம் ஹோட்டல் லைசென்ஸ் இருக்கிறதா, விருந்தினர் குளத்தைப் பயன்படுத்தலாமா, எத்தனை மணி வரை' என்று ஆப்பிலேயே எழுதிக் கேட்கிறேன். ஒழுங்கான இடம் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும். சாவியைத் தபால் பெட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று ஆரம்பித்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுகிறேன். தூரத்தை நடைவழியில் போட்டுப் பார்க்கிறேன். அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் சுவர், கட்டில், குளியலறை எல்லாவற்றையும் ஒரு வீடியோ எடுத்துக்கொள்கிறேன்.

நடந்ததை ஆப்பில் விமர்சனமாக எழுதினேன். இரண்டு நாளில் அந்தப் பெண் பதில் போட்டிருந்தார்: "கட்டடத்தில் நீச்சல் குளம் இருக்கிறது என்றுதான் விளம்பரத்தில் எழுதியிருக்கிறோம். குளம் இருக்கிறதே."