டீ பேக்கா, உதிரித் தேயிலையா? 11 வருடப் பழக்கத்தில் கண்டது

நான் உதிரித் தேயிலைக்கு இரண்டு முறை மாறியிருக்கிறேன். முதல் 5 வருடம் டீ பேக் மட்டும்தான். அப்புறம் ஆசையாக உதிரித் தேயிலை வாங்கி, 4 மாதத்தில் வெறுத்துப்போய் மறுபடி டீ பேக்குக்கே வந்துவிட்டேன். இரண்டாவது முறை மாறியது நிலைத்துவிட்டது. அதற்கு இப்போது 6 வருடம் ஆகிறது. எது நல்லது என்று யாராவது கேட்டால், அந்தத் தோற்றுப்போன 4 மாதத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். உதிரித் தேயிலையை விட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் விட்டிருந்தார்கள். காரணம் இலை இல்லை, வடிகட்டி.

அப்போது நான் வாங்கியது கம்பிவலையில் செய்த உருண்டை வடிகட்டி. இரண்டு பாதியாகத் திறக்கும். உள்ளே இலையைப் போட்டு மூடி, சங்கிலியைப் பிடித்துக் கோப்பைக்குள் தொங்கவிட வேண்டும். பார்க்க அழகாக இருந்தது. காய்ந்த இலை வெந்நீரில் ஊறினால் எவ்வளவு விரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பாதி உருண்டைக்குப் போட்டாலே சீக்கிரம் உப்பி உள்ளே நெருக்கிக்கொள்ளும். ஓரத்து இலையில் மட்டும் தண்ணீர் ஓடும். சக்கையைக் கொட்டும்போது பார்த்தால் நடுவில் இருந்தவை சுருள்கூடப் பிரியாமல் கிடக்கும். டீ வெளுத்துச் சப்பென்று இருந்தது. திடம் போதவில்லை என்று இன்னொரு ஸ்பூன் சேர்ப்பேன், நெரிசல் கூடும், டீ இன்னும் மோசமாகும். மூடுகிற இடத்து இடுக்கு வழியாகத் தூள் வேறு கசிந்து வாயில் மிதக்கும். இதற்கு டீ பேக்கே மேல் என்று நான் முடிவுகட்டியது சரிதான். அந்த உருண்டையோடு ஒப்பிட்டால் டீ பேக் நல்ல டீ தரும்.

இரண்டாவது முறை மாறியது கூடை வடிகட்டியால். கோப்பையின் வாய் அளவுக்கு அகலமாக, கிட்டத்தட்ட அடிவரை இறங்கும் மெல்லிய வலை. மேலே ஒரு மூடி. ஊறும்போது சூட்டைப் பிடித்துவைப்பதும் அதுதான், கூடையை வெளியே எடுத்ததும் சொட்டாமல் வைக்கும் தட்டும் அதுதான். முன்பு சப்பென்று இருந்த அதே வகைத் தேயிலையைத்தான் மறுபடி வாங்கினேன். முதல் கோப்பையிலேயே வேறு பானம் போல இருந்தது. மணம் முதலில் வந்தது, துவர்ப்பு பின்னால் வந்தது. டீ பேக்கில் எனக்கு எப்போதும் துவர்ப்புதான் முதலில் வரும். இலை கூடைக்குள் மேலும் கீழும் போய் நன்றாக விரிந்திருந்தது. ஒரு சில இலைகளின் பல் பல்லான விளிம்பைக்கூடப் பார்க்க முடிந்தது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று டீ பேக் ஒன்றைக் கத்தரித்துக் காகிதத்தில் கொட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். பெரும்பாலானவற்றில் இருப்பது இலை இல்லை, குறுணையும் தூளும்தான். தேயிலையைப் பதப்படுத்தியபின் சல்லடையில் சலித்துப் பிரிக்கிறார்கள்: முழு இலை, உடைந்த இலை, அதற்கும் சிறிய ஃபேனிங்ஸ், கடைசியில் டஸ்ட். ஆரஞ்சு பீக்கோ என்று டப்பாவில் போட்டிருப்பது இந்த அளவு வகைகளில் ஒன்றின் பெயர், ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீ பேக்குக்குள் போவது பெரும்பாலும் கடைசி இரண்டு வகை, அல்லது சிடிசி முறையில் செய்தது. சிடிசி என்பது இலையை உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சின்னச் சின்ன மணிகளாக்கும் முறை. 1930களில் அசாமில் தொடங்கியது.

தூள் என்பதால் மட்டும் மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். தரையில் பெருக்கியதைப் பையில் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நான் ஏற்க மாட்டேன். நல்ல தோட்டத்து இலையிலும் சலித்தால் தூள் விழத்தான் செய்யும். விஷயம் பரப்பளவில் இருக்கிறது. துகள் சிறியதாக ஆக, தண்ணீர் படும் பரப்பு கூடும். நிறமும் துவர்ப்பும் ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும். அதே காரணத்தால் காற்றும் அதிகம் படும், மணம் சீக்கிரம் பறந்துபோகும். முழு இலை மெதுவாகக் கொடுக்கும், அதிக நேரம் கொடுக்கும். பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு முதல் குணம்தான் வேண்டும். பாலுக்கு ஈடுகொடுக்க அடர்த்தியான சாறு தேவை. மணமுள்ள முழு இலையில் டீ போட்டுப் பாலை ஊற்றினால் அந்த மணம் எங்கே போனது என்றே தெரியாது. நீங்கள் எப்போதும் பாலோடுதான் குடிப்பீர்கள் என்றால், முழு இலை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல டீ பேக்கோ சிடிசி தூளோ போதும்.

இதை வீட்டில் சோதித்தும் பார்த்தேன். அக்கா டீ பேக் பக்கம் நிற்பவள். எது எதில் போட்டது என்று சொல்லாமல் நான்கு கோப்பை கொடுத்தேன். பால் கலந்த இரண்டில் டீ பேக்கைத்தான் எடுத்தாள். பால் இல்லாத இரண்டில் யோசிக்காமல் இலையைக் காட்டினாள். "கழுவுற வேலையை நீ பாத்துக்கிறதா இருந்தா எனக்கும் இலையிலயே போடு" என்றாள். அவள் சொன்ன கழுவுற வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அன்றாடத்தில் முடிவைத் தீர்மானிப்பது சுவையைவிட அதுதான்.

டீ பேக் வந்த கதையிலும் இதே கவலைதான் இருக்கிறது. 1903-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த ராபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன் என்ற இரண்டு பெண்கள், தேயிலையைப் பிடித்துவைக்கும் துணி உறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒரு கோப்பைக்காக ஒரு கூஜா டீ போட வேண்டியிருக்கிறது, மீதி வீணாகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தாமஸ் சல்லிவன் என்ற வியாபாரி 1908 வாக்கில் பட்டுப் பைகளில் மாதிரி அனுப்ப, வாங்கியவர்கள் பையோடு வெந்நீரில் போட்டார்கள் என்ற கதைதான் அதிகம் சொல்லப்படுகிறது. எனக்கு அந்தப் பெண்களின் கதைதான் பிடிக்கும். ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு கோப்பை, வீணில்லாமல். டீ பேக்கின் உண்மையான பலம் இன்றும் அதுவே. கூடை வடிகட்டி வந்தபின் அந்தப் பலம் இலைக்கும் கிடைத்துவிட்டது.

அளவு விஷயத்தில் டீ பேக் ஜெயிக்கும். ஒரு பையில் ஏறக்குறைய 2 கிராம், தினமும் ஒரே மாதிரி. உதிரித் தேயிலையை ஸ்பூனால் அளந்து நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். இறுக்கமாக உருட்டிய ஊலாங் என்ற தேயிலை வகை ஒரு ஸ்பூனில் 3 கிராமுக்கு மேல் நிற்கும், பஞ்சு போன்ற வெள்ளைத் தேயிலை அதே ஸ்பூனில் 1 கிராம்கூட வராது. ஒரு நாள் கஷாயம், மறுநாள் வெந்நீர். சின்ன டிஜிட்டல் தராசு வாங்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 250 மில்லிக்கு 3 கிராம், கருந்தேயிலை என்றால் மூன்றரை நிமிடம், இதுதான் என் கணக்கு. தேயிலையைச் சுவைத்து ஒப்பிடுபவர்களுக்கு ஐஎஸ்ஓ 3103 என்ற தரநிலை ஒன்று 1980-லிருந்து இருக்கிறது. அதன்படி 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவு, ரசித்துக் குடிப்பதற்கானது இல்லை. ஒரு தடவை அப்படிப் போட்டேன், வாய் இழுத்துக்கொண்டது.

பச்சைத் தேயிலைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கசக்கிறது என்று ஒரு வருடம் முழுக்க இலையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு தண்ணீரில். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டச்சின்கள் வேகமாக இறங்கிவிடும். 75 முதல் 80 டிகிரியில் ஊற்றினால் அவை நிதானமாக இறங்கும், இனிப்பு தலைகாட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு முறை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 10 டிகிரி இறங்கும். பச்சைத் தேயிலை டீ பேக்குக்கும் இதே வழிதான், அதிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. டீ பேக்கைப் பிழியும் பழக்கத்தையும் விட்டுப் பாருங்கள். கடைசியில் சொட்டும் அந்தச் சாற்றில்தான் துவர்ப்பு அதிகம்.

இலைக்கு இன்னொரு பலம், மறுபடி ஊறவைக்கலாம். ஊலாங்கை நான் சாதாரணமாக 4 முறை எடுப்பேன். இரண்டாவது கோப்பை முதலாவதைவிட நன்றாக இருக்கும். டீ பேக்கில் இரண்டாவது முறை வருவது நிறம் மட்டும்தான். வாங்கும்போது உதிரித் தேயிலை விலை கூடுதலாகத் தெரிந்தாலும், கோப்பைக் கணக்கில் பார்த்தால் அந்த இடைவெளி குறைவது இதனால்தான்.

பையின் பொருளைப் பற்றியும் பேசியாக வேண்டும். காகிதப் பைகள் பலவற்றில் அபாகா என்ற வாழையினச் செடியின் நார் இருக்கும். ஓரங்களைச் சூட்டில் ஒட்டும் பைகளில் அதோடு பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையும் கலந்திருப்பது வழக்கம். டீ பேக் காலத்தில் நான் எல்லாவற்றையும் செடித்தொட்டி உரத்தில் போட்டுவந்தேன். மாதக்கணக்கில் கழித்துக் கிளறினால் இலை மக்கிப்போயிருந்தது, பை மட்டும் சிலந்திவலை போல மிச்சம் இருந்தது. தைத்தோ மடித்துக் கம்பியடித்தோ மூடிய பைகளில் அப்படி நிற்கவில்லை. முக்கோண வடிவப் பைகளில் இலை விரிய இடமும் உண்டு, உள்ளே நல்ல இலையும் போடுகிறார்கள். சுவையில் அவை உதிரித் தேயிலைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அவற்றில் பல நைலானிலோ பெட் பிளாஸ்டிக்கிலோ செய்தவை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட ஒரு பிளாஸ்டிக் பையை 95 டிகிரி தண்ணீரில் ஊறவைத்தபோது சுமார் 1,160 கோடி நுண்பிளாஸ்டிக் துகள்களும் 310 கோடி நானோ துகள்களும் வெளிவந்ததாகச் சொன்னார்கள். மனித உடம்புக்கு அது என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அதைப் படித்த நாளிலிருந்து முக்கோணப் பை வாங்குவதை நிறுத்திவிட்டேன். சோளத்திலிருந்து செய்த பிஎல்ஏ பை என்று எழுதியிருந்தாலும், அது தொழிற்கூட உரக்குழியின் சூட்டில்தான் ஒழுங்காக மக்கும், வீட்டுத் தொட்டியில் இல்லை.

சேமித்துவைப்பதில் உதிரித் தேயிலை கவனம் கேட்கும். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். ஒரு பெரிய பொட்டலத்தை மசாலா அலமாரியில் கிளிப் போட்டு வைத்திருந்தேன், ஒரு மாதத்தில் டீயில் மசாலா அடித்தது. மொத்தத்தையும் உரத்தில் போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 100 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. வெளிச்சம் போகாத, இறுக்கமாக மூடும் டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைக்கிறேன். தனித்தனி உறையில் வரும் டீ பேக்குக்கு இந்தக் கவலையே கிடையாது.

சரி, கழுவுற வேலை. சக்கை ஈரமாக இருக்கும்போது கூடையைக் கவிழ்த்துத் தட்டினால் வலையில் ஒட்டிக்கொள்ளும், விரலால் வழிக்க வேண்டியிருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் ஓரளவு காய்ந்து மொத்தமாக விழும். இது தெரிவதற்கு முன் கழுவுதொட்டியிலேயே அலசி, இரண்டு முறை குழாய் அடைத்துக்கொண்டது. இலையைக் கழுவுதொட்டியில் ஒருபோதும் கொட்டாதீர்கள். வலையில் படியும் கறைக்கு மாதம் ஒரு தடவை சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் போதும். இத்தனையும் சேர்த்து ஒரு கோப்பைக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும். வீட்டில் அது எனக்குப் பெரிதில்லை. வேலையிடத்தில் கை கழுவும் இடத்துக்கு ஈரக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவது சரிப்படவில்லை, ஒரே வாரத்தில் விட்டுவிட்டேன்.

பயணத்துக்கும் வேலைக்கும் மறுபடி டீ பேக்கைத்தான் நினைத்தேன், கடைசியில் வாங்கியது வெற்றுக் காகிதப் பைகள். மேலே மடித்து மூடும் அகலமான பை, ஒட்டுப் பிளாஸ்டிக் இல்லாதது. ஞாயிற்றுக்கிழமை இரவு தராசை வைத்து 10 பைகளில் இரண்டரை கிராம் வீதம் நிரப்பி ஒரு டப்பாவில் அடுக்கிவிடுகிறேன். பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, இலை விரிய இடம் வேண்டும். கால் மணி நேரம்கூட ஆகாது. போன மாதத்திலிருந்து அக்காவும் தன் பங்குக்கு 5 பை கேட்கிறாள்.